வீட்டில் தங்கிய சிறுவனுக்கு அம்மை: ஒன்பதாவது வாரக் கர்ப்பிணி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம் நடக்கிறது. சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் நாத்தனாரின் ஆறு வயது மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். இரவில் என் பக்கத்தில்தான் படுத்துக்கொண்டான். திங்கட்கிழமை அவனுக்கு அம்மை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. சிறு வயதில் எனக்கு வந்தது அம்மையா, மணல்வாரியா என்று என் தாயாருக்கே நினைவில்லை. குழந்தை குறையோடு பிறக்கும், கலைத்துவிடுவதே நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: கலைப்பது என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். அம்மை கண்டவரோடு பழகியது மட்டுமே கர்ப்பத்தைக் கலைப்பதற்குக் காரணமாகாது. பக்கத்து வீட்டு அம்மாள் ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மையைப் பற்றிக் கேள்விப்பட்டதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் கரு பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். அந்தச் சிறுவனுக்கு வந்திருக்கும் சின்னம்மையின் கணக்கு வேறு.

கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும் என்பதாலும், ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே தொற்றக்கூடும் என்பதாலும், சனிக்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதைத்தான் இப்போது அறிய வேண்டும். 'வேரிசெல்லா ஐஜிஜி' என்ற ரத்தப் பரிசோதனையை உடனே செய்யுங்கள். பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எழுதிக் கொடுக்கும் 'டார்ச்' பரிசோதனையில் ஹெர்ப்பீஸ் என்று ஒரு வரி இருக்கும், அது வேறு வைரஸைக் குறிப்பது. அந்தத் தாளைக் காட்டி 'எல்லாம் பார்த்தாயிற்று' என்று நிம்மதியடைபவர்கள் உண்டு.

முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால், உங்களுக்கு முன்பே அம்மை வந்து போயிருக்கிறது என்று பொருள், கவலையை விட்டுவிடலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் அம்மை வராமலேயே வளர்ந்துவிடுபவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம் என்பதால், பரிசோதிக்காமல் அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம்.

'நெகட்டிவ்' என்றால் இரண்டு வழிகள் உள்ளன. சின்னம்மைக்கான இம்யூனோகுளோபுலின் ஊசியை (இது தடுப்பூசி அல்ல, ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தொற்றிய பத்து நாள்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். ஆனால் அது விலை அதிகம், எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. மற்றொன்று, ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பது; பிரிட்டனில் இப்போது இதுவே வழக்கம். எது என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

தொற்றிய 10 முதல் 21 நாள்களுக்குள் அம்மை வெளிப்படலாம். ஊசி போட்டிருந்தால் 28 நாள்வரை கவனிக்க வேண்டும். அந்நாள்களில் மற்றக் கர்ப்பிணிகளோடு சேர்ந்து உட்காராமல், மருத்துவமனைக்குப் போகுமுன் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கொப்புளம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவியுங்கள், ஏனென்றால் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்கையில் வேப்பிலை பரப்புவதிலோ, வாசலில் கொத்துச் செருகுவதிலோ எனக்கு மறுப்பில்லை. 'அம்மா வந்திருக்கிறாள், மருந்து கூடாது' என்று மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கர்ப்பிணியை வீட்டிலேயே வைத்திருப்பதும், கூழையும் இளநீரையும் மட்டும் கொடுத்துப் பட்டினி போடுவதும்தான் ஆபத்து. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாக மாறக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அது கடுமையாக இருக்கும். இருமலோ, மூச்சு வாங்குவதோ, நெஞ்சு வலியோ இருந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

அம்மை வந்தேவிட்டாலும், முதல் 12 வாரங்களில் கரு பாதிக்கப்படுவது ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்குத்தான். 13 முதல் 20 வாரங்களில் நூற்றுக்கு இரண்டு. அப்படிப் பாதித்தால் தோலில் தழும்பு, கை கால் வளர்ச்சிக் குறைவு, கண் அல்லது மூளைக் கோளாறு நேரலாம் என்பதால், அம்மை வந்து ஐந்து வாரம் கழித்தோ, ஐந்தாம் மாதத்திலோ விரிவான ஸ்கேன் அவசியம். கருச்சிதைவு இதனால் கூடுவதாகத் தெரியவில்லை. தடுப்பூசியைக் கர்ப்பக் காலத்தில் போடக் கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு தவணையாகப் போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பதற்கும் தடையில்லை.

கேள்வி: மாமியாருக்கு இடுப்பில் அக்கி வந்திருக்கிறது, காவியால் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மூன்றாவது மாதம். என்னிடமிருந்து அவரைப் பிரித்து வைக்க வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸின் வேலை. சிறு வயதில் அம்மையாக வந்தது நரம்பில் தங்கியிருந்து வயதான காலத்தில் அக்கியாக வெளிப்படுகிறது. உங்களுக்கு முன்பே அம்மை வந்திருந்தால் ஒன்றும் ஆகாது. வராதவராக இருந்தால், கொப்புள நீர் படுவதன் மூலம் தொற்றக்கூடும். அம்மையைவிட இது பரவுவது குறைவுதான். கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அவற்றைத் துணியால் மூடி வைக்கச் சொல்லுங்கள். அவருடைய துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை நீங்கள் துவைக்க வேண்டாம். உங்களுக்கும் அதே ஐஜிஜி பரிசோதனைதான். மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்; காவி எழுதினாலும், முதல் மூன்று நாள்களுக்குள் மாத்திரை தொடங்கினால் வலி சீக்கிரம் குறையும்.