முகமதிப்பு, விலை, கிரயம்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விலையையும் மதிப்பையும் குறிக்கும் சொற்களைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சூரமங்கலம் வாசகர்: என் தந்தை சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவர். அங்கே நாணயத்துக்கான வில்லைகளை வெட்டுவார்கள் என்பார். முகமதிப்பு என்பதில் வரும் ‘முகம்’ நாணயத்தின் முகமா?

அப்படி எண்ணிக்கொண்டால் பொருள் மறக்காது. உருக்காலையை விட்டுப் புறப்படும் வில்லை வெறும் துருப்பிடிக்காத எஃகு; எடைக்குத்தான் காசு. நாணயச் சாலையில் அச்சின் அடியில் நசுங்கி எழுந்ததும் அதன் முகத்தில் ஓர் எண் ஏறிவிடுகிறது. அந்த எண்தான் முகமதிப்பு. வெளியிட்டவர் எழுதிய எண் என்பதால், உலோகத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. உலோகத்தின் மதிப்பு அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் நாணயம் உலைக்குப் போகத் தொடங்கும். நாணயத்தை உருக்குவதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் குற்றமாக்கியிருப்பதில் இந்தக் கவலையும் அடங்கும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைத் தொழிலாளி: பாட்டியின் பெட்டியில் 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. அதன் மதிப்பு என்ன?

மூன்று மதிப்பு உண்டு. முகமதிப்பு ஒரு ரூபாய். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும், அந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது, பழைய நாணயம் சேகரிப்பவர் தரும் விலை. ஆண்டு, நாணயச் சாலைக் குறி, தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்து அவர் சொல்வார். தயவுசெய்து அதை உருக்கிவிடாதீர்கள். உருக்கினால் அந்த மூன்றாவது விலை திரும்பி வரவே வராது.

அயோத்தியாபட்டணம், ஒரு தாய்: மகளின் கணக்குப் புத்தகத்திலும் முகமதிப்பு வருகிறதே?

அது வேறு முகமதிப்பு. சேர்வராயன் மலையின் உயரம் 5,326 அடி. இதில் 3 என்ற இலக்கத்தின் முகமதிப்பு 3, இடமதிப்பு 300. அவ்வளவுதான்.

அழகாபுரம் வாசகர்: ஒரு நிறுவனம் 500 சதவீதம் ஈவுத்தொகை அறிவித்திருக்கிறது. போட்ட பணம் ஐந்து மடங்காகுமா?

ஆகாது. இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்தேன், இதில் ஏமாந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஈவுத்தொகை என்பது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பங்கு. அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல், அதாவது பங்குக்கு நிறுவனம் எழுதிய எண்ணின் மேல் கணக்கிடப்படுவது. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் 500 சதவீதம் வெறும் 10 ரூபாய். அந்தப் பங்கை நீங்கள் 800 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் உங்கள் பணத்துக்குக் கிடைப்பது 1.25 சதவீதம். வங்கி வைப்புத்தொகை வட்டியோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எம்.ஆர்.எஃப். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். 2023 ஜூனில் அதன் சந்தை விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. புதுப் பங்கை முகமதிப்புக்கு மேல் வெளியிட்டால், கூடுதலாக வாங்கும் தொகைக்குப் பாடநூல் தரும் பெயர் முனைமம். முகமதிப்புக்குக் கீழே பங்கு வெளியிட 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் சந்தையில் 10 ரூபாய்ப் பங்கு 4 ரூபாய்க்கும் விற்கும். அதைத் தள்ளுபடி என்று எண்ணி அள்ளிக்கொள்ளாதீர்கள். நிறுவனம் நொடித்துக்கொண்டிருந்தாலும் விலை அப்படித்தான் இறங்கும்.

ஏற்காடு வந்த பயணி: ஏரிக்கரைக் கடையில் 20 ரூபாய் அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய் வாங்கினார்கள். மலைக்கு ஏற்றிவரும் செலவாம். சரியா?

சரியில்லை. பாட்டிலில் இருப்பது அதிகபட்ச சில்லறை விலை. வரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த செலவையும் அதற்கு மேல் கேட்க முடியாது. அது உச்சவரம்பு மட்டுமே, குறைத்து விற்கத் தடையில்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது. தொழிலாளர் துறையில் புகார் செய்யுங்கள். பத்து ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

ஓமலூர் விவசாயி: வழிகாட்டி மதிப்பும் கிரயத் தொகையும் ஒன்றா?

இல்லை. வழிகாட்டி மதிப்பு, பத்திரப் பதிவுக்காக நிலத்துக்கு அரசு நிர்ணயிப்பது. கிரயம் நீங்களும் வாங்குபவரும் பேசி முடிப்பது. பத்திரத்தில் உண்மையாகக் கைமாறிய தொகையையே எழுதுங்கள்.

அம்மாப்பேட்டை, கல்லூரி மாணவி: ‘அவர் பேச்சை முகமதிப்பில் ஏற்கக் கூடாது’ என்று எழுதலாமா?

எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தமிழில் முகமதிப்பு பணத்துக்கும் பத்திரத்துக்கும் இலக்கத்துக்கும் உரிய சொல். பேச்சுக்கு ‘சொன்னதை அப்படியே நம்பக் கூடாது’ என்றாலே போதும். இன்னும் அழுத்தம் வேண்டுமானால், ‘வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணாதே’ என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாரே, அதையே எழுதுங்கள்.