கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பகாலத்திலும் அம்மாவுக்கு இருக்கும் எடை, பின்னாளில் குழந்தையின் எடையைப் பாதிக்குமா?

பாதிக்கும். இதில் இரண்டு எடை உண்டு: கருத்தரிக்கும்போது இருந்தது, அதன்பின் கூடியது. முதலாவதுக்குத்தான் நாம் போதிய கவனம் கொடுப்பதில்லை.

அம்மா பருமனாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை கூடும் வாய்ப்பு அதிகம். அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் போகாது. வந்ததைச் சமாளிக்கக் குழந்தையே கூடுதல் இன்சுலின் சுரக்கிறது, மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடம், வாளி, அண்டா என எல்லாவற்றிலும் பிடித்து வைப்போமே, அதே மாதிரிதான். இப்படிப் பிறக்கும் குழந்தைகள் வளரும்போதும் எடை கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். பரம்பரைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும்கூட இதில் பங்குண்டு.

75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது இந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கத்தான். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பயந்து பட்டினி கிடக்கவும் வேண்டாம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் அபாயம் உண்டு.

‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்’ என்று பெரியவர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி, இன்னொரு ஆளின் முழுச் சாப்பாடு அல்ல.