சீவாளியிலிருந்து தொடங்குங்கள்: உலக இசை வானொலி, கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்லூரி வானொலியிலோ சமுதாய வானொலியிலோ வேற்று நாட்டு இசையைத் தமிழில் தொகுத்து வழங்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, எங்க கல்லூரி வானொலியில ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் குடுத்திருக்காங்க. பதினஞ்சு பாட்டு போடலாம்னு இருக்கோம். சரியா வருமா?

பதில்: வராது. பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் பதினைந்து பாட்டுக்கு 67 நிமிடம் ஆகிவிடும், நீங்கள் வாயே திறக்க முடியாது. ஒன்பது பாட்டு போதும், சுமார் 40 நிமிடம். பேச்சுக்கு 12, நிலைய அறிவிப்புகளுக்கு 5, முகப்பு இசைக்கு 1, மீதி 2 நிமிடம் கைவசம் இருக்கட்டும். அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் போனால்தான் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடும்.

தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 சொல் போகும். 12 நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சொல். அதை ஒன்பதாகப் பிரித்தால் பாட்டுக்கு 120 சொல்தான் கிடைக்கும். அதற்குள் பாடியவர், ஊர், மொழி, முதன்மைக் கருவி, பாட்டின் பொருள் இரண்டு வரி, அவ்வளவும் அடங்க வேண்டும். நாட்டின் மக்கள்தொகை, தலைநகரம், நாணயம் எல்லாம் பொது அறிவுப் புத்தகத்துக்கு. தயவுசெய்து வேண்டாம்.

பெயரைப் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை சொல்லுங்கள். பின்னால் சொல்வதுதான் முக்கியம். பிடித்துப்போனவர் அப்போதுதான் பேனாவைத் தேடுவார். நைஜீரியாவின் ஃபெலா குட்டி மாதிரி ஒரே பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு. பாடகர் நிறுத்திக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் இடத்தில் மெதுவாக இறக்கி, "முழுப் பாட்டு இதைவிட நீளம்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மொழி புரியலன்னு ரெண்டாவது பாட்டுலயே அணைச்சுடறாங்க. எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: நாட்டில் ஆரம்பிக்காதீர்கள், கருவியில் ஆரம்பியுங்கள். "இந்த வாரம் பிரேசில்" என்றால் நம் ஊர்க்காரருக்கு அது தூரத்து விஷயம். "இந்த வாரம் உறுமி" என்று சொல்லிப் பாருங்கள், காது திரும்பும்.

முதல் வாரத்துக்குச் சீவாளியை, அதாவது ஊதுகருவியின் முனையில் செருகி வாயில் வைக்கும் நாணல் துண்டை, எடுத்துக்கொள்ளலாம். நாதஸ்வரமும் கூத்து மேடையின் முகவீணையும் சீவாளி வைத்து ஊதுகிறவை. அதே குடும்பம் சீனாவில் சுவோனா, துருக்கியில் சூர்ணா, மொராக்கோவில் கைத்தா, பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பொம்பார்ட். பெரும்பாலும் இவை திருவிழாவிலும் கல்யாணத்திலும் திறந்தவெளியில் ஊதப்படுகின்றன. அந்தக் குரலின் உரப்புக்குக் காரணமும் அதுதான். இதிலிருந்து விலகி நிற்பது ஆர்மீனியாவின் துதுக். ஆப்ரிகாட் மரத்தில் செய்த குழல், அகலமான பெரிய சீவாளி, தணிந்த குரல். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதற்கு ஆப்ரிகாட் மரம் என்று ஒரு வரி சொன்னாலே கேட்பவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். துதுக்கை நிகழ்ச்சியின் நடுவில் வையுங்கள். முதலில் வைத்தால் தூங்கிவிடுவார்கள், கடைசியில் வைத்தால் சோர்வாக முடியும்.

இரண்டாவது வாரம் உறுமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனகல் எழுப்புகிறோம். பிரேசில் சாம்பாவின் குயிக்காவும் தேய்ப்பு மேளம்தான். ஆனால் குச்சி உள்ளே, தோலின் நடுவில் கட்டப்பட்டிருக்கும். ஈரத்துணியால் அந்தக் குச்சியை உருவ, மறு கை வெளியிலிருந்து தோலை அழுத்திச் சுருதியை மாற்றும். இரண்டையும் 20 நொடி அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, அதன்பின் முழுப் பாட்டுக்குப் போங்கள்.

மோர்சிங்குக்கும் இப்படியே செய்யலாம். சைபீரியாவில் சகா மக்களின் கோமுஸ் நம்முடையதைப் போலப் பல்லில் வைத்து வாசிப்பது. வியட்நாமின் மலைவாழ் மக்கள் வாசிக்கும் தான் மோய் மெல்லிய பித்தளைத் தகடு, அதை உதட்டில் வைத்தே வாசிப்பார்கள்.

தாளம் வழியாகவும் ஒரு வாசல் இருக்கிறது. மிஸ்ர சாபுவின் "தகிட தகதிமி" மாசிடோனியாவின் லெஸ்னோட்டோ ஆட்டத்தோடு அப்படியே பொருந்தும், மூன்றும் நான்கும். பல்கேரியாவின் ராச்செனித்சாவில் அதே ஏழு திருப்பி விழும், "தகதிமி தகிட" என்று. பாட்டுக்கு முன் சொற்கட்டை வாயால் இரண்டு சுற்று சொல்லிக் காட்டுங்கள். அதன் பிறகு பல்கேரிய மொழி புரியவில்லை என்று யாரும் குறைப்பட மாட்டார்கள், எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி (தருமபுரி): அப்ப ராகம் வழியாவும் போலாம்ல சார்? சீனப் பாட்டெல்லாம் மோகனம்னு சொல்றாங்களே.

பதில்: போகலாம், ஆனால் அளந்து பேச வேண்டும். ச ரி க ப த என்ற அதே ஐந்து சுரம் சீன நாட்டுப்பாடல்களிலும் ஸ்காட்லாந்துப் பாட்டுகளிலும் எத்தியோப்பியாவின் தீஸித்தா முறையிலும் வருகிறது. "மோகனத்தின் சுரங்கள்" என்று சொன்னால் சரி. "இது மோகனம்" என்று சொன்னால் தவறு. கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சுரக்கோவைகள்) இல்லாமல் ராகம் ஏது? மாயாமாளவகௌளையின் சுரவரிசைக்கு நெருக்கமாக அரபு இசையில் ஹிஜாஸ் கார் என்ற சுரமுறை இருக்கிறது. அங்கும் இதே எச்சரிக்கைதான்.

ஜாவாவின் கமெலானை, அதாவது வெண்கலத் தட்டுகளும் மணிகளும் சேர்ந்த குழு இசையை, மட்டும் மோகனத்தோடு ஒட்டிப் போடாதீர்கள். ஒவ்வொரு கமெலான் தொகுதிக்கும் தனித் தனிச் சுருதியமைப்பு. நம் ஐந்து சுரம் காதில் நிற்கும்போது அது வந்தால் அபஸ்வரமாகத்தான் கேட்கும். இடையில் பேச்சு ஒரு நிமிடமாவது வேண்டும், அல்லது வெறும் தாளக்கருவிப் பாட்டு ஒன்று.

கேள்வி (கிருஷ்ணகிரி): "ஆப்பிரிக்க இசை"ன்னு ஒரு வாரம் போட்டோம். ஒருத்தர் போன் பண்ணித் திட்டிட்டார். என்ன தப்பு?

பதில்: அவர் திட்டியது சரி. "ஆசிய இசை" என்று ஒரு மணி நேரத்தில் நாதஸ்வரத்தையும் ஜப்பானியக் குழலையும் அடைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? மாலியின் அலி ஃபார்க்கா தூரே வாசித்த கித்தாரும், 21 நரம்புள்ள கோராவை துமானி ஜபாத்தே மீட்டியதும் ஒரே நாட்டிலேயே வேறு வேறு மரபு. கேப் வெர்தேயின் செஸாரியா எவோரா பாடிய மோர்னா இன்னொரு உலகம், அது போர்த்துக்கீசியக் கலப்பு மொழிப் பாட்டு.

"உலக இசை" என்ற பெயரே கடை அலமாரிக்காக வந்ததுதான். 1987-ல் லண்டன் மதுக்கடை ஒன்றில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, எந்த அடுக்கிலும் சேராத தட்டுகளுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்று முடிவெடுத்து வைத்தார்கள். நிகழ்ச்சியின் தலைப்பில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அறிவிப்பில் ஊர், மொழி, மரபு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): பேரெல்லாம் நாக்குல நிக்க மாட்டேங்குது.

பதில்: ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வரும் கோளாறு. போர்த்துக்கீசியத்தில் கடைசி "ஓ" பெரும்பாலும் "உ" ஆகும்: ஜில்பெர்ட்டோ அல்ல, ஜில்பெர்ட்டு. டியாபேட் என்று எழுத்துக் கூட்டாதீர்கள், ஜபாத்தே என்றால் நெருங்கிவிடும். அந்த மொழிக்காரர் பெயரைச் சொல்லும் பேட்டி ஒன்றைத் தேடி மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி, அந்தத் தாளையே ஒலிவாங்கி முன் வையுங்கள். பாட்டின் பொருளை இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து அப்படியே வாசிக்காதீர்கள். இசைத்தட்டோடு வரும் குறிப்பே முதல் ஆதாரம். கவ்வாலி போடும் வாரம் கிருஷ்ணகிரியிலேயே உருது பேசுகிற ஒருவரை உட்காரவைத்தால் போதுமே.

கேள்வி (ஓசூர்): யூடியூப்ல இறக்கிப் போட்டா என்ன? முப்பது நொடிக்குள்ள இருந்தா பிரச்சினை இல்லைன்னு சொல்றாங்க.

பதில்: முப்பது நொடி விலக்கு என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு மற்றொன்று. முன்னதற்கு ஐபிஆர்எஸ், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமத்தொகை வாங்கும் சங்கம். பின்னதற்கு ஒலிப்பதிவுகளுக்கு உரிமம் தரும் பிபிஎல் அல்லது பதிவு நிறுவனம். பாட்டு நூற்றாண்டுப் பழமையான நாட்டுப்பாடலாக இருக்கலாம், போன வருடம் பதிவானதென்றால் பதிவுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் 60 ஆண்டு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கணக்கு.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவுப்படி வானொலிகள் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த தொகையைக் கட்டி ஒலிபரப்பலாம். உங்கள் நிலையம் எதைக் கட்டியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்த அனுமதி இணையத்துக்குச் செல்லாது. 31டி இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிகழ்ச்சியைப் பாட்காஸ்டாகவும் ஏற்றினால் பாட்டை வெட்டிப் பேச்சை மட்டும் ஏற்றுங்கள், அல்லது கலைஞரிடமே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். அதில் பாட்டின் பெயர், எந்த வானொலி, எத்தனை முறை, இணையத்தில் எத்தனை நாள் என்ற நான்கும் இருக்க வேண்டும். சிறு குழுக்கள் பல சந்தோஷமாகச் சம்மதிக்கும்.

கேள்வி (பெண்ணாகரம்): ஒரு பாட்டு காதைக் கிழிக்குது, அடுத்தது கேக்கவே மாட்டேங்குது. பழைய பதிவுகள்ல குரலே காணாம போகுது.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது ஒலியளவு. உச்ச அளவை மட்டும் சமப்படுத்தினால் தீராது, காது சராசரியைத்தான் உணர்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உரப்பைச் சமப்படுத்தும் கட்டளை இருக்கிறது. எல்லாப் பாட்டையும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்-க்கு (சராசரி உரப்பை அளக்கும் அலகு) கொண்டுவந்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். நிலையம் வேறு அளவு கேட்டால் அதுவே சட்டம். துதுக், கோரா மாதிரி மெல்லியவற்றை அழுத்தி நசுக்கினால் மூச்சிரைப்பும் பின்னணி இரைச்சலும் மேலே வரும். அவற்றை இரண்டு மூன்று டெசிபல் உயர்த்துவதோடு விடுங்கள். பாட்டின்மேல் பேசும்போது இசையை 15 டெசிபலாவது இறக்குங்கள். பாடகர் வாய் திறந்ததும் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இடது வலது தடங்கள் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, பதிவாகியிருப்பது. ஹெட்போனில் தெரியாது. ஒற்றை ஒலிபெருக்கி வானொலியில் இரண்டும் கூடிக் குரல் அழிந்துவிடும். ஒவ்வொரு பாட்டையும் மோனோவில், இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி, ஒருமுறை கேளுங்கள். குரல் மறைந்தால் ஒரு தடத்தைத் தலைகீழாக்குங்கள், அல்லது இடது தடத்தை மட்டும் எடுத்து இரண்டிலும் போடுங்கள்.

இன்னொன்று: எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி போகாது. அனுப்புமுன் மேல் சுருதிகள் தூக்கப்படுவதால் கோமுஸ், ஜால்ரா, உங்கள் "ஸ", "ஷ" எல்லாம் முதலில் உடையும். ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் பாதி குறையும்.

கேள்வி (ஓசூர்): தருமபுரி எஃப்எம் 102.5 இங்க சரியா எடுக்கவே மாட்டேங்குது, பெங்களூர்தான் வருது.

பதில்: எஃப்எம் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. இடையில் குன்று வந்தால் நிழல் விழும். போதாததற்கு பெங்களூர் விவித பாரதி 102.9, வெறும் 0.4 தள்ளி, உங்களுக்கு மிகப் பக்கத்தில். மலிவான வானொலி இரண்டையும் பிரிக்காது. 70 சென்டிமீட்டர் கம்பி இரண்டை எதிரெதிராக நீட்டி இருமுனை ஆன்டெனா கட்டி, அதன் அகலப் பக்கம் தருமபுரியை நோக்கும்படி மாடியில் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி (அரூர்): பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சின்னா எதைப் போடலாம் சார்?

பதில்: 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டு. 27 இசைத் துண்டு, சுமார் 90 நிமிடம். இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர், பல்கேரியாவின் நாட்டுப்பாடகி வால்யா பல்கான்ஸ்கா, ஜாவா கமெலான், ஜப்பானிய மூங்கில் குழலான ஷாக்குஹாச்சி எல்லாம் இருக்கின்றன. எட்டைத் தேர்ந்தெடுங்கள். "வேற்றுலகத்தாருக்கு நம் ஊரிலிருந்து எதை அனுப்புவீர்கள்?" என்று கேட்டு விடைகளை அடுத்த வாரம் வாசியுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): நாங்க நாலு பேர் சேர்ந்து சொந்தமா சமுதாய வானொலி தொடங்க முடியுமா?

பதில்: தனி ஆட்களுக்குக் கிடைக்காது. கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம், உள்ளூரில் மூன்றாண்டாவது பணியாற்றிய பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் போன்றவைக்கே. வீச்சுத்திறன் 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர், மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாராக வேண்டும். இருக்கிற நிலையத்துக்கு மூன்று மாதிரி நிகழ்ச்சி செய்து கொண்டுபோவது சுலபம்.

கேள்வி (பாப்பாரப்பட்டி): கூத்துக்காரர் முகவீணையை நாங்களே பதிவு பண்ணி சீவாளி வாரத்துல சேக்கலாமா? செல்போன் போதுமா?

பதில்: சேருங்கள். செல்போனும் போதும், தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க முடிந்தால். முடியாவிட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் இரைச்சல் பொங்கி எழும். தகரக் கொட்டகை வேண்டாம், எதிரொலி கூர்மையாக அடிக்கும். புளியமரத்தடியோ திறந்த திண்ணையோ நல்லது. ஒலிவாங்கியைக் குழலின் வாய்க்கு நேராக நீட்டாமல் ஒன்றரை மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வையுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். வாசிப்பவர் பெயர், குழு, ஊர் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, ஒலிபரப்பச் சம்மதமும் எழுத்தில் வாங்குங்கள். பதிவுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். போனவுடன் பதிவைத் தொடங்காதீர்கள். சீவாளி நனைந்து பதப்படப் பத்து நிமிடமாவது விடுங்கள், அதுவரை சுருதி நிற்காது.