அம்மாவின் கைப்பைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வாசகர் கேள்வி – பதில்: பழைய தோல் பைகளைப் பேணுதல்

கேள்வி: என் அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தபோது பயன்படுத்திய பழுப்பு நிறத் தோல் கைப்பை, பல ஆண்டுகளாகப் பாலிதீன் உறைக்குள் பீரோவில் கிடந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. மக்கிய வாடையும் வீசுகிறது. ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் வைத்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார் என் நாத்தனார். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த மூன்றில் எதையும் இப்போது செய்யாதீர்கள். முதலில், படர்ந்திருப்பது பூஞ்சணமா, தோலிலிருந்து கசிந்த கொழுப்பா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலைப் பதப்படுத்தும்போது அதற்குள் ஏற்றிய கொழுப்பு, காலப்போக்கில் மேலே வந்து உறைந்து, மெழுகுபோன்ற வெண்படலமாக நிற்பதுண்டு. அது பெரும்பாலும் சீராகப் பரவியிருக்கும். வாடை அதிகம் இராது. பூஞ்சணமோ வட்ட வட்டமாக, பஞ்சு இழை போலத் தோன்றும். மக்கிய வாடை அதற்கே உரியது. ஐயம் தீரவில்லை என்றால், தலைமுடி உலர்த்தும் கருவியை மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஓர் ஓரத்தில் மட்டும் சில விநாடிகள் காட்டிப் பாருங்கள். கொழுப்பானால் உருகி மறையும். பூஞ்சணம் அப்படியே இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் பூஞ்சணமாகத்தான் தெரிகிறது. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டிய இடத்தில் தோல் நெடுநாள் இருந்தாலே அது வந்துவிடும். பாலிதீன் உறை அந்த ஈரத்தை வெளியே விடாமல் காத்து வைத்திருக்கிறது. பையைத் திறந்த நிலையில், வெயில் படாத, காற்றோட்டமுள்ள திண்ணையிலோ பால்கனியிலோ இரண்டு நாள் வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து பொடியானதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டிவிடுங்கள். காயுமுன் துடைத்தால் அது தோலின் நுண்துளைகளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். பிறகு, பிழிந்து பிழிந்து ஈரமே இல்லை என்று தோன்றும் அளவுக்கு உள்ள பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து, நிழலிலேயே உலர விடுங்கள். சோப்பு வேண்டாம். நல்ல தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது. துணி சோப்போ காரத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்தால் தோலைப் பதமாக வைத்திருக்கும் பிணைப்புகள் தளரும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரப்பட்டைச் சாற்றால் பதப்படுத்திய புதிய தோலே, நனைந்திருக்கும்போது ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுருங்கிவிடும். பழைய தோலுக்கு அந்த வரம்பு இன்னும் மிகக் கீழே இறங்கியிருக்கும். ஈரத்தோடு மொட்டைமாடி வெயிலில் வைத்த பை விறைத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிச் சுருங்கியதை மீண்டும் விரிக்க எந்த வழியும் இல்லை.

தேங்காய் எண்ணெய் தடவிய அன்று பை பளபளக்கும், உண்மைதான். ஆனால் எண்ணெய் திட்டுத் திட்டாக இறங்கித் தோலைக் கறுக்கச் செய்யும், தூசியைப் பிடித்து வைக்கும், தையல் நூலையும் உள்துணியையும் கறையாக்கும்; குளிர்காலத்தில் உறைந்து, முதலில் சொன்ன கொழுப்பு வெண்படலத்தைப் போலவே மேலே வந்து நிற்கவும் கூடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சிக்குப் பிடித்து நாறும். தோல் வறண்டிருந்தால் மட்டும், தோலுக்கென்றே விற்கும் நிறமற்ற க்ரீமை, ஒரு பட்டாணி அளவு துணியில் எடுத்து, பையின் அடிப்பகுதியில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மற்ற இடங்களுக்கும் மெல்லியதாகத் தடவலாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

வாடைக்கு: மூடியுள்ள அட்டைப்பெட்டிக்குள் திறந்த பையையும், அதைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவையும் வைத்து மூன்று நாள் மூடிவிடுங்கள். சோடாவைப் பைக்குள் கொட்டாதீர்கள், அதுவும் காரம்தான். பாச்சை உருண்டையும் வேண்டாம்.

கேள்வி: சாந்திநிகேதனில் வாங்கிய, பூவேலைப்பாடும் வண்ணமும் உள்ள தோல் பையில் அழுக்கு ஏறியிருக்கிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. ஸ்பிரிட் பட்டால் அழுக்கோடு வண்ணமும் போய்விடும். இந்தப் பைகளின் அழகே கையால் தீட்டிய அந்த நிறங்கள்தாம். அவை பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரையும் சாயங்கள், மேலே ஒரு மெல்லிய மெருகுப் பூச்சு மட்டுமே காவல். சாந்திநிகேதனுக்கு அருகே 1922இல் தாகூர் தொடங்கிய ஊரக மேம்பாட்டு மையமான ஸ்ரீநிகேதனில் வளர்ந்த கைத்தொழில் இது. அவருடைய மகன் ரதீந்திரநாத்துக்கும் மருமகள் பிரதிமா தேவிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. திருச்சிக்காரரான தங்களுக்கு இன்னொரு செய்தியும் மகிழ்ச்சி தரும். இந்த வேலைப்பாட்டுக்கு ஏற்றதாகக் கருதப்படுவது மரப்பட்டைச் சாற்றால் பதப்படுத்திய ஆட்டுத் தோல். ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா தோல்) என்று வணிகத்தில் அழைக்கப்படும் அந்த வகைக்குத் திண்டுக்கல், ஈரோடு, தங்கள் திருச்சி ஆகிய ஊர்கள் பெயர் பெற்றவை. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டே அதைப் பதப்படுத்தினார்கள்.

அழுக்கை எடுக்க, மாணவர்கள் பயன்படுத்தும் மென்மையான வெள்ளை அழிப்பான் போதும். அதை அழுத்தாமல், ஒரே திசையில், பூவின் மேடான பகுதிகள் மீது மட்டும் தேய்த்து, உதிரும் துகளைத் தூரிகையால் தட்டுங்கள். பள்ளங்களுக்குள் இருக்கும் கருமை பல நேரங்களில் அழுக்கே அல்ல, கலைஞர் வேண்டுமென்றே விட்ட நிழல், அதைத் தொடாதீர்கள். ஓரத்தைச் சுற்றிப் பின்னியிருக்கும் தோல் நாடா அறுந்திருந்தால், அதே அகலத்தில் புதிய நாடா வெட்டி, பழைய துளைகள் வழியாகவே கோத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தோள்வாரின் தையல் நான்கு அங்குல நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும் என்கிறார் பை தைப்பவர். வீட்டிலேயே தைக்க முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முடியும், கையால் தைப்பதுதான் அந்த வாருக்கும் நல்லது. மிஷின் ஊசி பழைய துளைகளில் இறங்காது, பக்கத்திலேயே புதிதாகத் துளையிடும். பழைய துளை, புதிய துளை என்று நெருக்கமாக வரிசைகள் அமைந்துவிட்டால், வார் தபால்தலையின் ஓரம்போலக் கிழிந்துகொண்டு வரும்.

பழைய நூல் துணுக்குகளைக் குத்தூசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலை, தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு வெட்டி, அதன் இரு முனைகளிலும் முனை மழுங்கிய இரண்டு ஊசிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். முறிவு தொடங்கும் இடத்துக்கு மூன்று துளை முன்னதாகவே, இன்னும் உறுதியாக நிற்கும் தையலின் மேலிருந்து ஆரம்பியுங்கள். முதல் துளையில் நூலை நுழைத்து இருபுறமும் சமமாக இழுத்த பின், ஒவ்வொரு துளையிலும் இடப்பக்க ஊசியை வலப்பக்கமும், வலப்பக்க ஊசியை இடப்பக்கமும் செலுத்தி, இரண்டு நூலையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு ஊசி மற்ற நூலைக் குத்திக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்க வேண்டாம். நூல் தோலோடு படிந்து நின்றால் சரி. முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட நறுக்கி, ஊதுபத்தியின் நெருப்பு முனையில் தொட்டும் தொடாமலும் காட்டினால் முனை உருகி அடங்கிவிடும். இப்படித் தைத்ததில் பின்னாளில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரணப் பருத்தி நூலால் தைக்காதீர்கள். வியர்வையில் விரைவில் இற்றுவிடும்.

கேள்வி: பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: குத்துவிளக்குக்குப் புளி சரி, கைப்பைக்குச் சரியல்ல. தோலிலுள்ள கொழுப்போடு செம்பு சேர்ந்து உண்டான படிவு அது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, உலர்ந்த பஞ்சால் துடைத்தாலே வந்துவிடும். மேற்கொண்டு பளபளப்பு வேண்டுமென்றால், முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. பாலிஷ் போட்டால் முலாமே தேய்ந்துவிடும். ஒட்டாவிட்டால், கொக்கிக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிக்கொண்டு, துணியில் துளியளவு பாலிஷ் எடுத்துத் துடையுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துத் தோல் பை ஒன்றைத் தொட்டாலே செம்பொடி கையில் ஒட்டுகிறது. பாலிஷ் போட்டால் நிற்குமா?
– வாசகர், மதுரை

பதில்: நிற்காது. மரப்பட்டைச் சாற்றால் பதப்படுத்திய பழைய தோல், காற்றிலுள்ள கந்தக மாசை நெடுங்காலம் உறிஞ்சி, உள்ளேயே அமிலம் உண்டாகி, இழைகள் சிதைந்து பொடியாகும் நிலை இது. போன வலிமை திரும்பாது. இதில் தண்ணீர் பட்டால் பட்ட இடம் கறுத்துக் கல்லாகிவிடும்; எண்ணெயும் பாலிஷும் கறையை மட்டுமே தரும். ஆவணக் காப்பகங்களில் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்னும் பொடியை ஆல்கஹாலில் கரைத்து மெல்லியதாகத் தடவி, உதிர்வதை நிறுத்துகிறார்கள். அது பயின்ற கை செய்ய வேண்டிய வேலை. அதுவரை பையைத் தூக்கிப் பயன்படுத்தாமல், உள்ளே துவைத்த பழைய வேட்டித் துணியை உருவம் கெடாத அளவுக்கு அடைத்து, வெள்ளைப் பருத்தித் தலையணை உறைக்குள் இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் படுக்க வையுங்கள். செய்தித்தாளை அடைக்க வேண்டாம். அதன் மை உள்துணியில் ஏறும்.