“உன் குரல் கேட்கவில்லையே!”: குரல் உரையாடல் அமைப்புகள் பற்றிய கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இணைய விளையாட்டு ஆடுபவர்கள் குரல் உரையாடல் மென்பொருள்கள் குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகள், குழுவாகக் கூடிப் பேச உதவும் டிஸ்கார்டு செயலியைப் பற்றியவை. பொத்தான்களின் பெயரும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவை செய்யும் வேலை மாறாது. ஒரு வேண்டுகோள்: ஒரே மூச்சில் நான்கு அமைப்புகளை மாற்றிவிட்டு “எதுவும் சரியாகவில்லை” என்று எழுதாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், பேசிப் பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

செல்லூர் வாசகர்: அண்ணே, பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நான் வாயைத் திறக்காவிட்டாலும் டிஸ்கார்டில் என் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் எரிகிறது. இரைச்சல் நீக்கியைப் போட்டால் என் குரலையே விழுங்கிவிடுகிறது.

தம்பி, வட்டம் எரிகிறது என்றால் தறிச்சத்தத்தை உங்கள் பேச்சென்று மென்பொருள் நம்புகிறது. ‘இன்புட் சென்சிட்டிவிட்டி’யில் தானியங்கித் தேர்வை நிறுத்துங்கள். கீழே ஒரு அளவுகோல் தோன்றும். பேசாமல் இருந்து, தறியின் சத்தம் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். அதற்குச் சற்று மேலே குறியை நிறுத்துங்கள். பிறகு வழக்கம்போலப் பேசுங்கள். உங்கள் குரல் குறியைத் தாண்ட வேண்டும்.

குரலும் தறியும் ஒரே உயரத்தில் நின்றால் எந்தக் குறியும் உதவாது. அப்போது திருத்த வேண்டியது மைக் இருக்கும் இடம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். தறி இருந்த அளவிலேயே இருக்கும். உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் காற்று மோதும். மேசை மைக் என்றால், அது ஒருபக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகையா என்று பாருங்கள். அதன் முதுகு தறி இருக்கும் சுவரைப் பார்த்திருக்கட்டும்.

இனி இரைச்சல் நீக்கி. டிஸ்கார்டில் கிரிஸ்ப், கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் ஒன்று, ஹெட்செட்டுடன் வந்ததில் இன்னொன்று என்று மூன்றும் ஓடுகின்றனவா? ஒரு சட்டிக்கு மூன்று பேர் உப்புப் போட்ட கதைதான் அது. முதலாவது அரித்துக் கொடுத்த குரலை இரண்டாவது மறுபடியும் அரிக்கும். சொல்லின் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிபோல ஒரே சீராக இரையும் சத்தத்தைச் சாதாரண நீக்கியே அடக்கிவிடும். தறி அடித்து அடித்து ஓய்வது. அதற்கு கிரிஸ்ப் போலப் பேச்சைப் பிரித்தறியப் பழக்கப்பட்டதுதான் வேண்டும்.

மேலூர் வாசகர்: ஆடி மாதம் முழுக்க எங்கள் தெருவில் குழாய் ஒலிபெருக்கி. கிரிஸ்ப் போட்டும் பாட்டு நண்பர்களுக்குக் கேட்கிறதாம்.

பாடுவதும் மனிதக் குரல்தானே! உங்கள் குரல் எது, பாடகர் குரல் எது என்று அது தடுமாறும். ‘புஷ் டு டாக்’ வைத்து, பேசும்போது மட்டும் விசையை அழுத்துங்கள். பொங்கல் வைத்து முடியும்வரை வேறு வழியில்லை.

திருமங்கலம் வாசகர்: புஷ் டு டாக் விசை முகப்புத் திரையில் வேலை செய்கிறது. விளையாட்டுக்குள் போனதும் செத்துவிடுகிறது.

அந்த விளையாட்டு நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) உரிமையுடன் ஓடுகிறது, டிஸ்கார்டு சாதாரண உரிமையுடன் ஓடுகிறது. உயர்ந்த உரிமையில் ஓடும் நிரலுக்குள் நடக்கும் விசையழுத்தத்தைத் தாழ்ந்த உரிமையில் உள்ள நிரலுக்கு விண்டோஸ் காட்டாது. விளையாட்டைச் சாதாரணமாகத் திறக்க முடிந்தால் அப்படித் திறங்கள். இல்லாவிட்டால் டிஸ்கார்டையும் நிர்வாகியாகத் திறங்கள்.

ஆனையூர் வாசகர்: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது. உரையாடலில் சேர்ந்த நொடியே எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

ஹெட்செட் பழுதில்லை. வழக்கமான புளூடூத்தில் இசைக்கு ஒரு முறை, தொலைபேசிப் பேச்சுக்கு இன்னொரு முறை. மைக்கைத் திறந்ததும் அது பேச்சு முறைக்கு இறங்குகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலியாகிறது, தரமும் விழுகிறது. மைக்கை மட்டும் வேறாக்குங்கள். மடிக்கணினியின் மைக்கையோ கம்பி மைக்கையோ உள்ளீடாகத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டை வெளியீடாக மட்டும் வையுங்கள். என்னைக் கேட்டால், எதிரியின் காலடியைக் காதால் பிடித்து ஆடும் விளையாட்டுக்குக் கம்பி ஹெட்செட்தான். புளூடூத்தின் தாமதத்தை எந்த அமைப்பும் முழுதாகப் போக்காது.

வில்லாபுரம் வாசகர்: யாராவது பேசினால் விளையாட்டின் சத்தம் தானாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டு இடங்களில் பாருங்கள். டிஸ்கார்டில் ‘அட்டென்யுவேஷன்’ (மற்ற சத்தத்தைக் குறைக்கும் அளவு) பூஜ்யமாக இருக்கட்டும். விண்டோஸின் பழைய சவுண்ட் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியில் 80 சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: மொபைல் இணையத்தில்தான் ஆடுகிறேன். நண்பர்களின் குரல் இயந்திரம் பேசுவதுபோல் உடைகிறது. டேட்டாவும் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்கார்டின் குரல் அறை வழக்கமாக விநாடிக்கு 64 கிலோபிட்டில் இருக்கும். ஒருவர் ஒரு மணிநேரம் இடைவிடாமல் பேசினாலும் குரலுக்கு 29 எம்.பி. அளவுதான், குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பொட்டலங்களின் (பாக்கெட்) மேலுறையும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். யாரும் பேசாதபோது செலவும் அடங்கிவிடும். திரையைப் பகிர்ந்தால்தான் டேட்டா கரையும்.

குரல் உடைவது பொட்டலங்கள் வழியில் தொலைவதால். அறையின் நிர்வாகியிடம் சொல்லி 32 கிலோபிட்டுக்கு இறக்கிப் பாருங்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் முறையான, 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் கோடெக் அந்த அளவிலும் பேச்சைத் தெளிவாகத் தரும். அறையின் வட்டாரம் (ரீஜன்) வேறு நாட்டில் இருந்தால் இந்தியாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டு வைஃபை உள்ளவர்களுக்கு ஒரு சொல்: கணினிக்கு லேன் கேபிள் போட்ட பிறகும் குரல் உடைந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

அண்ணாநகர் வாசகர்: நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. என் மைக்கை மாற்றிவிட்டேன், பயனில்லை.

மைக்கை மாற்றியிருக்க வேண்டியதில்லை. குற்றவாளி எதிர்முனையில் இருக்கிறார். அவருடைய ஸ்பீக்கரிலோ சத்தம் கூட்டிய ஹெட்செட்டிலோ உங்கள் குரல் வெளியே வந்து அவர் மைக்கில் நுழைகிறது. ஒவ்வொருவராக மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர்தான். “என்னிடம் எந்தக் கோளாறும் இல்லை” என்று முதலில் சொல்பவரிடமிருந்து தொடங்கலாம்.

சிம்மக்கல் வாசகர்: மடிக்கணினியில் சார்ஜர் போட்டால் மட்டும் மைக்கில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம்.

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சத்தம் அது. சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் எர்த் இணைப்பைச் சந்தேகியுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் சொருகியிருக்கிறீர்களா? அதை எறிந்துவிட்டு எலெக்ட்ரீசியனை அழையுங்கள். அவர் வரும்வரை யு.எஸ்.பி. மைக் பெரும்பாலும் தப்பிக்க வைக்கும்.

கே.கே. நகரிலிருந்து ஒரு தாய்: மகனுக்குப் பன்னிரண்டு வயது. தெரியாதவர்களுடன் பேசுகிறான். எதை மாற்ற வேண்டும்?

அம்மா, டிஸ்கார்டில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சம் 13 வயது ஆக வேண்டும். எனவே இப்போதைக்கு விளையாட்டுக்குள்ளேயே உள்ள குரல் உரையாடலை ‘நண்பர்கள் மட்டும்’ என்று வையுங்கள். அடுத்த ஆண்டு கணக்குத் தொடங்கினால், நண்பரல்லாதவர் தனிச்செய்தி அனுப்புவதைத் தடுங்கள். 2023இல் வந்த ‘ஃபேமிலி சென்டர்’ வழியாக அவன் யாருடன் பேசுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன பேசினான் என்பது தெரியாது. புஷ் டு டாக் கட்டாயம். வீட்டில் நடக்கும் பேச்சு ஊருக்குப் போக வேண்டாம்.

தெப்பக்குளம் வாசகர்: எங்கள் குழுவுக்கென்று சொந்த சர்வர் வைக்க ஆசை. பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது.

மம்பிள் என்ற குரல் உரையாடல் மென்பொருளைப் போடுங்கள். இலவசம், மூலநிரல் திறந்தது, தாமதம் மிகக் குறைவு, பழைய கணினியே தாங்கும். ரௌட்டரில் 64738 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் எண்) டி.சி.பி., யு.டி.பி. என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறக்க வேண்டும். அதற்கு முன் இணைய நிறுவனத்திடம் உங்களுக்கென்று தனிப் பொது ஐ.பி. முகவரி உண்டா என்று கேளுங்கள். பலரை ஒரே முகவரியில் அடைத்திருந்தால், போர்ட்டைத் திறந்தும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.