‘பாரோ மீ யுவர் சார்ஜர்’ சரிதானா?

தம்பி, காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு வந்த புதிதில் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. பக்கத்து சீட்டுக்காரர் ‘பாரோ மீ யுவர் சார்ஜர்’ என்கிறார், மேலாளரோ ‘கேன் ஐ பாரோ யூ?’ என்று கூப்பிடுகிறார், பள்ளிக்கூடத்தில் படித்ததே தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்ததுதான் சரி.

திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். நாம் ‘இரவல்’ என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்று சேர்த்துக்கொள்கிறோம். சீனத்தில் ‘ஜியே’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் ஓடும். அந்தப் பழக்கம் இங்குள்ள பேச்சு ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டது ‘லெண்ட் மீ’தான். திருத்தப் போகாதீர்கள், சார்ஜரைக் கொடுங்கள். ஆனால் மெயிலில் நீங்கள் அப்படி எழுதவே கூடாது.

ஒரு காலத்தில் இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார் வட்டிக்கடைகளில், மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம்ம நகரத்தார் லெண்டர். பணம் கேட்டு எதிரே வந்து உட்கார்ந்தவர் பாரோயர். இன்றைக்கும் வங்கிப் படிவத்தில் அதே கணக்குதான். பாரோயர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் கடன் உங்கள் தலையில். படித்துவிட்டுப் போடுங்கள்.

நம்ம பக்கம் விசேஷத்துக்கு அண்டாவும் தவலையும் பங்காளி வீட்டிலிருந்து வரும். விளிம்பில் அந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். விசேஷம் முடிந்ததும் கழுவித் துடைத்து, எழுத்தைப் பார்த்து அந்தந்த வீட்டில் சேர்ப்போம் இல்லையா, அதுதான் பாரோ. பேனா, குடை, நூலகப் புத்தகம் எல்லாம் இதில் அடங்கும். டிஷ்யூ பேப்பர் திரும்பி வராது, அதற்கு ‘கேன் ஐ ஹேவ்’ போதும். இருந்த இடத்தைவிட்டு நகராத பிரிண்டர், கழிவறைக்கு ‘கேன் ஐ யூஸ்’.

மேலாளர் கேட்டது உங்கள் நேரத்தை. ‘ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போக முடியுமா’ என்பதைத்தான் மரியாதையாக அப்படிக் கேட்பார்கள். திட்டக் கூப்பிடுகிறார்களோ என்று பயப்படாதீர்கள். ‘ஷ்யூர்’ என்று சொல்லி நோட்டும் பேனாவுமாகப் போங்கள். கையில் அவசர வேலை இருந்தால் ‘கேன் ஐ கம் இன் டென் மினிட்ஸ்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.