பழம் பறிக்கும் ரோபோ வாங்கலாமா?

கேள்வி: என் தோட்டத்து ஆப்பிள் மரங்களுக்கு வயது 15-க்கு மேல். பறிப்புக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது. ரோபோ வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரோபோ மோசம் என்பதல்ல, உங்கள் மரங்கள் அதற்குத் தோதாக இல்லை.

கேமராவுக்குப் பழம் தெரிந்தால்தான் இயந்திரக் கை நீளும். வயதான, அடர்ந்த மரத்தில் ஏராளமான பழங்கள் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆள் என்றால் ஒரு கையால் கிளையை ஒதுக்கி மறு கையால் பறித்துவிடுவார். இயந்திரத்துக்கு அந்த லாவகம் இன்னும் கைகூடவில்லை. அதனால் ரோபோவுக்கென்றே கம்பி கட்டி, கவாத்து செய்து, மரத்தைச் சுவர்போலத் தட்டையாக வளர்க்கிறார்கள். நியூசிலாந்தில் 2019-ல் ஆப்பிளை உறிஞ்சிப் பறிக்கும் ரோபோ வணிக அறுவடையிலேயே இறங்கியது. அதற்கு முன்பே தோட்டத்தை அதற்கேற்பத் தயார்செய்திருந்தார்கள். அந்த ரோபோவை உருவாக்கிய அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2021-ல் மூடப்பட்டது. விற்றவரே இல்லாமல் போனால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

யாராவது விற்க வந்தால் காணொலியை நம்பாதீர்கள். உங்கள் வரிசையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் வெயில் கேமராவின் முகத்தில் அடிக்கும் நேரத்தில். மரத்தில் விட்டுப்போன பழங்களை எண்ணுங்கள். பிறகு காம்பைப் பாருங்கள். ஆப்பிளைச் சற்றே தூக்கித் திருகினால் காம்போடு கழன்று வரும். வெடுக்கென்று இழுத்தால் காம்பு பிய்ந்து, அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குறுங்கிளையும் சேர்ந்து ஒடியலாம். அடிபட்ட தழும்பு உடனே தெரியாது. ஒரு கூடையை மறுநாள் வரை வைத்திருந்து, தோலைச் சீவிப் பாருங்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு இப்போதே கைகொடுப்பது நகரும் பறிப்பு மேடை. ஏணியைத் தூக்கி நகர்த்தி ஏறி இறங்கும் நேரம் மிச்சமாகும்; கவாத்துக்கும் பிஞ்சு கழிக்கவும் அதுவே உதவும். வரிசை இடைவெளி போதுமா, நிலம் சமமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, மரம் இருக்கும் இடத்தில் மட்டும் மருந்து பீய்ச்சி, இடைவெளியில் தானே மூடிக்கொள்ளும் சென்சார் தெளிப்பான். சொட்டுநீரைத் தானியங்கியாக்குவது எளிது, ஆனால் அடைத்துக்கொண்ட சொட்டுத் துளையை எந்தச் சென்சாரும் வந்து சுத்தம் செய்யாது.

ரோபோ ஆசை இருந்தால், அடுத்து மறுநடவு செய்யும் பகுதியைத் தட்டைச் சுவர் முறையில் நடுங்கள். அந்த மரங்கள் முழு விளைச்சலுக்கு வரும்போது சந்தையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.